163 பேருக்கு மேல் அனுமதி இல்லை

போன எபிசோட்ல சர்வர் ஏன் படுக்குதுன்னு பேசினோம். இன்னைக்கு ஒரு குளம் ஏன் படுக்குதுன்னு பேசப் போறோம். ரெண்டு கதையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

போன மே மாசம் நாங்க அஞ்சு ஃப்ரெண்ட்ஸ் குடும்பத்தோட ஒரு பண்ணை வீட்டுக்குப் போயிருந்தோம். வாசல்லயே போர்டு: "கெமிக்கல் இல்லாத இயற்கைக் குளம்". ஆறு மணி நேர டிரைவ், சரியான வெயில். பையைக் கூட பிரிக்கல, நேரா தண்ணிக்குள்ள. அடியில கிடக்குற கூழாங்கல் தெரியுற அளவுக்குத் தண்ணி தெளிவா இருந்துச்சு.

திரும்பி வந்த ரெண்டாவது நாள் ஒருத்தனுக்குக் காதுவலி. மூணாவது நாள் என் ஃப்ரெண்டோட பொண்ணுக்கு, ஆறு வயசு, வயித்துப்போக்கு. டிரிப்ஸ் ஏத்துற வரைக்கும் போயிடுச்சு. இப்போ நல்லா இருக்கா. அது குளத்துல இருந்துதான் வந்துச்சுன்னு என்னால நிரூபிக்க முடியாது. ஆனா பண்ணை வீட்டுக்காரருக்கு போன் பண்ணி, "அண்ணே, தண்ணியக் கடைசியா எப்போ டெஸ்ட் பண்ணீங்க?"ன்னு கேட்டேன். அவர் சொன்னது: "டெஸ்ட் எதுக்கு தம்பி? தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே."

அந்தப் பதில்தான் இந்த எபிசோட்.

தெளிவா இருந்தா சுத்தமா?

தெளிவான தண்ணி வேணும், அதுல சந்தேகமே இல்ல. யாராவது மூழ்கினா கரையில இருக்கிறவர் கண்ணுக்குத் தெரியணும். ஆனா கிருமி கண்ணுக்குத் தெரியாது. சாதாரண நீச்சல் குளத்துல குளோரின் இருக்கும். உங்க பக்கத்துல நீந்துறவர்கிட்ட இருந்து வர்ற பெரும்பாலான பாக்டீரியாவை அது சில நிமிஷத்துலயே கொன்னுடும். இயற்கைக் குளத்துல அந்தக் காவலாளி கிடையாது.

அதுக்குப் பதிலா என்ன இருக்கு? ஒழுங்கா கட்டின இயற்கை நீச்சல் குளத்துல ரெண்டு பகுதி இருக்கும். ஒண்ணு மனுஷங்க நீந்துற இடம். இன்னொண்ணு நாணல் மாதிரி நீர்ச்செடிகளும் சரளைக்கல்லும் இருக்குற இடம், அங்க யாரும் இறங்கக் கூடாது. ஒரு பம்ப் தண்ணியைச் சுத்தவிட்டுக்கிட்டே இருக்கும். சரளைக்கல்லு மேல படிஞ்சிருக்குற நுண்ணுயிர்ப் படலம் அழுக்கைத் தின்னும். செடிகள் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் இழுத்துக்கும். பாஸ்பரஸ் ஏறினா பாசி ஏறும், அதனால அதைக் குறைவா வெச்சிருக்கிறதுதான் பராமரிக்கிறவங்களோட தினசரி தலைவலி. வெயில்ல இருக்குற புற ஊதாக் கதிர் கொஞ்சம் கிருமியைக் கொல்லும். தண்ணில இருக்குற குட்டிக் குட்டி உயிர்கள் கொஞ்சத்தை மேயும்.

இது எல்லாமே வேலை செய்யும், ஆனா மெதுவா. நிமிஷக் கணக்கு இல்ல, மணிக்கணக்கு. அந்த இடைவெளியிலதான் ஒருத்தரோட கிருமி இன்னொருத்தர் வாய்க்குப் போகுது.

லண்டன்ல ஒரு குளம்

2015-ல லண்டன் கிங்ஸ் கிராஸ் பகுதியில, சுத்தி கட்டுமான வேலை நடந்துக்கிட்டு இருந்த இடத்துக்கு நடுவுல, பொதுமக்களுக்கு ஒரு இயற்கை நீச்சல் குளம் திறந்தாங்க. 40 மீட்டர் நீளம். குளோரின் கிடையாது, செடிகள்தான் வடிகட்டி. மார்யெட்டிகா பொட்ர்ச்சுங்கிற கலைஞரும் ஊஸ்ங்கிற கட்டட வடிவமைப்பு நிறுவனமும் சேர்ந்து ஒரு கலைப்படைப்பாவே அதை உருவாக்கினாங்க. 2016-ல மூடிட்டாங்க, அது தற்காலிகத் திட்டம்தான்.

அதுல எனக்குப் பிடிச்சது ஒரு எண். ஒரு நாளைக்கு 163 பேருக்கு மேல உள்ள விட மாட்டாங்க. 150 இல்ல, 200 இல்ல, 163. அந்தச் செடிகளால ஒரு நாள்ல எவ்வளவு தண்ணியைச் சுத்தம் பண்ண முடியும்னு கணக்குப் போட்டு வெச்ச வரம்பு அது. 164-வது ஆள் கையில காசோட வந்து நின்னாலும், நாளைக்கு வாங்கன்னுதான் அர்த்தம்.

நம்ம தொழில்ல இருக்குறவங்களுக்கு இது உடனே புரியும். ரேட் லிமிட். சர்வர் தாங்குற அளவுக்குத்தான் ரெக்வெஸ்ட்டை உள்ள விடணும். விழுந்ததுக்கு அப்புறம் எழுப்புறதை விட, விழாம பார்த்துக்கறது சுலபம்.

டெஸ்ட் இருக்கே, அது போதாதா?

டெஸ்ட் கட்டாயம் வேணும். நம்ம மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட அளவுகோல்படி, வெளியில குளிக்கிற நீர்நிலைல 100 மில்லி லிட்டர் தண்ணிக்கு மலக் கோலிஃபார்ம் 500-க்குள்ள இருந்தா நல்லது, 2,500-ஐத் தாண்டவே கூடாது. இயற்கை நீச்சல் குளங்களுக்கு ஜெர்மனில ஒரு வழிகாட்டி இருக்கு, அது இன்னும் கறார். அதே 100 மில்லி லிட்டர்ல ஈ.கோலை 100, எண்டரோகாக்கஸ் 50, சூடோமோனாஸ் 10, அவ்வளவுதான் உச்ச வரம்பு. இந்த சூடோமோனாஸ்தான் நீந்துறவங்களுக்குக் காதுவலி கொண்டு வர்ற முக்கியமான ஆசாமி. ஏன் இவ்வளவு கறார்? சின்ன தண்ணி, நெருக்கமா மனுஷங்க, வெளிய அடிச்சிட்டுப் போக ஆறு மாதிரி ஓட்டம் கிடையாது.

ஆனா ஒரு சிக்கல். ஈ.கோலை டெஸ்ட்டுன்னா சாம்பிள் எடுத்து, லேப்ல வளரவிட்டு எண்ணணும். வழக்கமான முறைல 18-லிருந்து 24 மணி நேரம் ஆகும். சனிக்கிழமை காலைல எடுத்த சாம்பிளுக்கு ஞாயித்துக்கிழமைதான் ரிசல்ட். அதுக்குள்ள சனிக்கிழமைக் கூட்டம் குளிச்சு, சாப்பிட்டு, வீட்டுக்கே போயிருக்கும். நம்ம பார்க்குற டாஷ்போர்டு எப்பவுமே நேத்தைய டாஷ்போர்டு.

அதனால ரிப்போர்ட்டைப் பார்த்து மட்டும் குளத்தைக் காப்பாத்த முடியாது. குளத்துக்குள்ள என்ன போகுதுங்கறதைத்தான் கட்டுப்படுத்த முடியும். பலத்த மழை பெஞ்சா சுத்தியிருக்குற மண்ணும் சாணமும் உள்ள வரும், அன்னைக்குக் குளத்தை மூடணும். வாத்துக்கு பொரி போடக் கூடாது, ஏன்னா அது எச்சமாத் திரும்பி வரும். நாய் இறங்கக் கூடாது. இதெல்லாம் பராமரிக்கிறவர் வேலை. மிச்சம் இருக்குறது நாம.

நாமதான் லோடு

குளிக்காம தண்ணில இறங்குற ஒரு ஆள்கிட்ட இருந்து, உடம்புல ஒட்டியிருக்குற மலம் சராசரியா 0.14 கிராம் தண்ணில கலக்கும்னு சொல்றாங்க. முகம் சுளிக்காதீங்க, என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன். 163 பேரால பெருக்கிப் பாருங்க, கிட்டத்தட்ட 23 கிராம். ஆனா இறங்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு நிமிஷம் ஷவர்ல நின்னா, அழுக்கு, வேர்வை, சன்ஸ்கிரீன்னு பெரும்பகுதி அங்கேயே போயிடும். "குளிச்சிட்டு இறங்கவும்"ங்கிற போர்டு மரியாதைக்கு இல்ல. குளோரின் இல்லாத குளத்துல அந்த ஷவர்தான் முதல் வடிகட்டி.

அடுத்தது, வயிறு. வயித்துப்போக்கு இருந்தா இறங்கவே கூடாது. கிரிப்டோஸ்போரிடியம்னு ஒரு ஒட்டுண்ணி இருக்கு, அது குளோரினையே நாள் கணக்குல தாங்கும். அது வந்தவங்க, வயிறு சரியாகி ரெண்டு வாரம் வரைக்கும் பொதுத் தண்ணில இறங்கக் கூடாது.

இப்போ நான் ஒண்ணு சொல்லணும். அந்தப் பண்ணை வீட்டுக்குப் போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி எனக்கு வயிறு சரியில்ல. மாத்திரை போட்டேன், நின்னுடுச்சு, கிளம்பிட்டேன். அந்தக் குளத்துல அந்தக் குட்டிப் பொண்ணைத் தோள்ல வெச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் விளையாடினது நான்தான். "மாமா, இன்னொரு தடவ"ன்னு ஒவ்வொரு தடவை குதிக்கும்போதும் ரெண்டு மடக்கு தண்ணி குடிச்சிருப்பா. ரெண்டு மாசமா நான் பண்ணை வீட்டுக்காரரைத் திட்டிக்கிட்டு இருந்தேன். இந்த எபிசோடுக்காகப் படிக்கும்போதுதான், வேற ஒரு சாத்தியமும் இருக்குன்னு உறைச்சது. அவளோட அப்பாகிட்ட போன வாரம் சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். அப்புறம், "சரி, எபிசோட்ல சொல்லு"ன்னான்.

கேரளா பத்தியும் ஒரு வார்த்தை

2024, 2025 ரெண்டு வருஷமும் கேரளாவுல அமீபிக் மூளைக்காய்ச்சல் செய்தியைப் படிச்சிருப்பீங்க. அதுல நைக்லேரியாங்கிற அமீபா வெதுவெதுப்பான, தேங்குன நன்னீர்ல வளரும். குடிச்சா வராது, மூக்கு வழியா மேல ஏறினாத்தான் ஆபத்து. ரொம்ப அரிது, ஆனா வந்தா பிழைக்கிறவங்க மிகக் குறைவு. இது யார் குளிச்சிட்டு இறங்கினாங்கங்கறதைப் பொறுத்தது இல்ல, அதனால தனியா சொல்றேன். கோடையில சூடான, கலங்குன குளத்துல தலைகீழா டைவ் அடிக்காதீங்க, அடிச்சேற்றைக் கிளறாதீங்க, மூக்குல கிளிப் போட்டுக்கோங்க. நீந்தின சில நாள்ல கடுமையான தலைவலி, காய்ச்சல், கழுத்து விறைப்புன்னா உடனே டாக்டர்கிட்ட போங்க, குளத்துல இறங்கினதையும் மறக்காம சொல்லுங்க.

அடுத்த தடவை கேளுங்க

இயற்கைக் குளம்னு போர்டு பார்த்தா நாலு கேள்வி. கடைசி டெஸ்ட் எப்போ, ரிப்போர்ட்டைக் காட்டுவீங்களா? செடியும் பம்ப்பும் இருக்குற தனிப் பகுதி எங்க? ஒரு நாளைக்கு எத்தனை பேரை விடுறீங்க? இறங்குறதுக்கு முன்னாடி குளிக்க ஷவர் இருக்கா? மூணாவது கேள்விக்கு "எவ்ளோ பேர் வேணாலும் வரலாம் தம்பி"ன்னு பதில் வந்தா, கரையில உட்கார்ந்து டீ குடிச்சிட்டு வந்துடுங்க.

அஞ்சாவது கேள்வி உங்களுக்கு நீங்களே கேட்டுக்கறது: இன்னைக்கு என் வயிறு எப்படி இருக்கு? அதை நான் அன்னைக்குக் கேட்டுக்கல.

அடுத்த வாரம் பார்ப்போம்.