மேற்கோள் எண்ணிக்கை யாருடைய கணக்கு?



உங்களில் பலர் ஆராய்ச்சி மாணவர்கள். நாளை வேலைக்கான நேர்காணலில் "உங்கள் எச்-இன்டெக்ஸ் எவ்வளவு?" என்று கேட்பார்கள். 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த அளவு அது. உங்கள் கட்டுரைகளில் பத்து, தலா பத்து முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் உங்கள் எண் பத்து. எண்ணுக்குச் சாதி இல்லை, அதனால் அது நடுநிலையானது என்கிறார்கள். உயிரணுவியல் பாடம் நடத்துகிறவன் நான். ஓர் உயிரணுவியலாளரின் வாழ்க்கையை வைத்தே இதற்குப் பதில் சொல்கிறேன்.

அவர் பெயர் எர்னஸ்ட் எவரெட் ஜஸ்ட். 1883இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் பிறந்த கருப்பினத்தவர். 1907இல் டார்ட்மவுத் கல்லூரியில் சிறப்புத் தகுதியோடு பட்டம் பெற்றார். ஆனால் வெள்ளையர் பல்கலைக்கழகங்களின் கதவு அவருக்குத் திறக்கவில்லை. கருப்பின மாணவர்களுக்காக நடந்த ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். 1916இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில்தான் நியூயார்க்கில் அம்பேத்கர் 'இந்தியாவில் சாதிகள்' என்ற தன் ஆய்வுரையை வாசித்தார்.

1909 தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள், ஜஸ்ட் தன் கோடை விடுமுறைகளை உட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்தில் கழித்தார். கடற்புழு, கடல் முள்ளெலி ஆகியவற்றின் முட்டைகளே அவருடைய ஆய்வுப் பொருள். விந்தணு எந்த இடத்தில் நுழைகிறதோ, அந்த இடம் முட்டையின் முதல் பிளவு எந்தத் தளத்தில் நடக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது என்று 1912இல் எழுதினார். ஒரு விந்தணு தொட்டவுடன் முட்டையின் மேற்பரப்பில் ஒரு மாற்றம் அலைபோலப் பரவுகிறது, கண்ணுக்குத் தெரியும் உறை எழும்பும் முன்பே அடுத்த விந்தணுவுக்கு வழி அடைபட்டுவிடுகிறது என்றும் கண்டார். கடல் முள்ளெலி முட்டையில் இந்த வேகத் தடை மின்னழுத்த மாற்றத்தால் நிகழ்கிறது என்பதை லாரிண்டா ஜாஃப் 1976இல் அளந்து காட்டினார்.

உயிரணுவின் உட்கருவே எல்லாவற்றையும் ஆள்கிறது என்று பலரும் பேசிய காலத்தில், மேற்பரப்பும் உயிரோட்டத்தில் முழுப் பங்கு வகிக்கிறது என்று வாதிட்டவர் அவர். எழுபதுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் எழுதினார். 1939இல் 'உயிரணு மேற்பரப்பின் உயிரியல்' என்ற நூல் வந்தது. முட்டைகளைக் கெடாமல் கையாளும் முறை தெரிய வேண்டுமென்றால் வெள்ளை விஞ்ஞானிகள் அவரிடம்தான் வந்தார்கள். யோசனை கேட்டவர்களின் பல்கலைக்கழகங்கள் அவருக்கு ஒரு பேராசிரியர் இடம் தரவில்லை.

சரி, மேற்கோள் எப்படிப் பிறக்கிறது? நெறியாளரை மாணவர் மேற்கோள் காட்டுகிறார். அந்த மாணவர் இன்னொரு ஆய்வகத்தில் பேராசிரியராகிறார். அவருடைய மாணவர்களும் காட்டுகிறார்கள். இது ஒரு வாரிசுச் சங்கிலி. ஹோவர்டில் அன்று முனைவர் பட்டப் படிப்பே கிடையாது. வகுப்பு வகுப்பாகப் பாடம் நடத்திய ஜஸ்டுக்கு ஆய்வு வாரிசுகள் உருவாக வழியே இல்லை. அவரை மேற்கோள் காட்ட வேண்டியவர்கள் பிறக்கும் முன்பே தடுக்கப்பட்டார்கள்.

1930இல் பெர்லினின் கைசர் வில்ஹெல்ம் உயிரியல் நிறுவனம் அவரை அழைத்தது. ஐரோப்பாவில் அவர் விஞ்ஞானியாக மதிக்கப்பட்டார். பிறகு நாஜிகள் வந்தார்கள். பிரான்சுக்குப் போனார். 1940இல் ஜெர்மானியப் படை அங்கும் வந்தபோது முகாமில் அடைக்கப்பட்டார். விடுதலையாகி அமெரிக்கா திரும்பியவர், 1941இல் புற்றுநோயால் இறந்தார். வயது 58.

இது அமெரிக்கக் கதை மட்டும்தானா? டெல்லி எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் நடத்தப்பட்ட விதத்தை தோரட் குழு 2007இல் அறிக்கையாகத் தந்தது. மற்ற மாணவர்களுக்குக் கிடைக்கும் ஆசிரியர் ஆதரவு தங்களுக்குக் கிடைப்பதில்லை என்று அவர்களில் பெரும்பாலோர் சொல்லியிருந்தார்கள். ஆதரவு இல்லாமல் ஆய்வகம் இல்லை, ஆய்வகம் இல்லாமல் கட்டுரை இல்லை, கட்டுரை இல்லாமல் எண் இல்லை. கடைசியில் அந்த எண்ணைக் காட்டி, 'தகுதி இல்லை' என்பார்கள்.

எண்ணைக் கிழித்தெறியச் சொல்லவில்லை தோழர்களே. எண்ணைக் கேட்கிறவரிடம் இன்னும் மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேளுங்கள்: நெறியாளர் கிடைத்தாரா? நிதி கிடைத்ததா? மாணவர்கள் கிடைத்தார்களா? உங்கள் ஆய்வேட்டின் மேற்கோள் பட்டியலை முடிக்கும் முன், அதில் யார் விடுபட்டிருக்கிறார்கள் என்றும் தேடுங்கள். கருத்தரித்தல் பாடத்தை நடத்தும்போது ஜஸ்ட் என்ற பெயரைச் சொல்லுங்கள். வாரிசு மறுக்கப்பட்டவருக்கு நாம் வாரிசாவோம்.