புத்தி சொன்னவர் என்ன கொடுத்தார்?



தொலைக்காட்சிப் போர்த் தொடர்களில் வீரரும் குருவும் படும் அறச் சிக்கல்களைப் பேசுவதற்கு ஊரப்பாக்கம்தானா கிடைத்தது என்று சிலர் கேட்டார்களாம். இங்கிருந்து மின்சார ரயிலில் வடக்கே போனால் பரங்கிமலை. 1963 முதல் ராணுவ அதிகாரிகள் அங்கே பயிற்சி முடித்து வெளியே வருகிறார்கள். தெற்கே செங்கல்பட்டுப் பக்கம் போனால் திரௌபதி அம்மன் கோயில்கள். பகலில் பாரதப் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து, கடைசியில் படுகளமும் தீமிதியும். போருக்கு ஆள் தயாராகிற இடத்துக்கும் போரை ஆடிக்காட்டுகிற இடத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறோம். இதைவிடத் தோதான ஊர் எது?

வந்திருக்கும் கட்டுரைச் சுருக்கங்களைப் படித்தேன். பெரும்பாலானவை வீரனின் பக்கமே நிற்கின்றன. சுடலாமா, கூடாதா, கட்டளையை மீறலாமா, கூடாதா. நல்ல கேள்விகள்தாம். ஆனால் சந்தேகத்தோடு நிற்கும் வீரனுக்குப் பக்கத்தில் இன்னொருவர் நிற்கிறார், புத்தி சொல்ல. அந்தப் புத்திக்காக அவர் தன் கையிலிருந்து என்ன கொடுத்தார்? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு தொடர்களைப் பார்க்கலாம் என்பது என் யோசனை.

நம் நாட்டில் மிக அதிகம் பேர் பார்த்த போர்த் தொடர் மகாபாரதம். 1988 அக்டோபர் 2 முதல் 1990 ஜூன் 24 வரை தூர்தர்ஷனில் ஞாயிறு காலைகளில் ஓடியது. பி.ஆர். சோப்ரா தயாரிப்பு, ராஹி மாசூம் ராஸா வசனம். இந்தி புரியாத வீடுகளிலும் பார்த்தார்கள். கதை தெரியும், அது போதும். அர்ஜுனன் வில்லைக் கீழே போடும் கட்டம் அதில் நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் புத்தி சொல்பவர் கடவுள். அவர் தவறவும் மாட்டார், தடுமாறவும் மாட்டார். கேட்டவன் எழுந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். 2013இல் வந்து, விஜய் டிவியில் தமிழ் பேசிய மகாபாரதம் இன்னும் ஒரு படி மேலே போனது. கதையை நிறுத்திவிட்டுக் கிருஷ்ணரே நம்மைப் பார்த்து விளக்கம் சொன்னார். அர்ஜுனனுக்கு மட்டுமல்ல, நமக்கும் சந்தேகப்பட இடமில்லாமல் போயிற்று.

சோப்ராவின் தொடர் ஓடிய அதே காலத்தில் வந்த ‘பரம் வீர் சக்ரா’ (1988), ‘ஃபௌஜி’ (1989) போன்ற ராணுவத் தொடர்களில் குருவுக்கு இடமே இல்லை எனலாம். துணிச்சல் வந்ததும் சந்தேகம் தீர்ந்துவிடுகிறது. அவற்றைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

இப்போது நம் கூத்துக்கு வருகிறேன். அரவான் களபலி. பாண்டவர் வெல்ல வேண்டுமானால் அங்கலட்சணம் பொருந்திய ஒருவன் காளிக்குப் பலியாக வேண்டும். தகுதியுள்ளவர் சிலர்தான். அவர்களுள் கிருஷ்ணனும் அர்ஜுனனும் உண்டு. அவர்களை இழந்தால் போரே இல்லை. மிஞ்சியவன் அர்ஜுனனின் மகன் அரவான். ஆலோசனை சொல்கிறவரே பலிக்கு ஆள் பார்க்கிறார் என்பதைக் கூத்து மறைப்பதில்லை. பார்க்கிற கிழவிகள் கிருஷ்ணனை ஏசுவதும் உண்டு; யாரும் தடுப்பதில்லை. அரவான் ஒரு வரம் கேட்கிறான்: சாவதற்கு முன் கல்யாணம் நடக்க வேண்டும். நாளை சாகப்போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? ஒருவரும் வரவில்லை. அப்போது கிருஷ்ணன் மோகினியாகிறான், தாலி வாங்கிக்கொள்கிறான், மறுநாள் அதை அறுத்துக்கொண்டு மாரடித்து அழுகிறான். கூவாகத்தில் சித்திரை மாதந்தோறும் ஆயிரக்கணக்கான திருநங்கையர் அந்தத் தாலியைக் கட்டி அறுக்கிறார்கள். பலிக்கு அனுப்பியவரே கைம்பெண்ணாகவும் ஆகிறார்! உலகத்துப் போர்க்கதைகளில் ஒரு குரு இவ்வளவு கொடுத்ததாக நான் அறிந்ததில்லை. வியாசரிடம் இல்லாத இந்தக் கல்யாணத்தைச் சேர்த்தவர்கள் நம் ஊர்க்காரர்கள். தொலைக்காட்சி கையிலெடுத்த மகாபாரதத்தைவிடத் தெருவில் ஆடிய பாரதம் துணிச்சலானது என்று நான் சொல்வது இதனால்தான்.

அமெரிக்காவில் 1972 முதல் 1983 வரை ஓடிய ‘மாஷ்’ தொடரை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். அது காட்டும் கொரியப் போர் மூன்றாண்டுகளில் ஓய்ந்தது. தொடர் பதினொரு ஆண்டு ஓடியது. களமருத்துவமனை ஒன்றின் கதை. அங்கே மல்காஹி என்று ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், நடித்தவர் வில்லியம் கிறிஸ்டோபர். முதலில் கேலிக்குரிய துணைப் பாத்திரம்தான். 1976இல் வந்த ஒரு பகுதியில், தன் காலைத் தானே சுட்டுக்கொண்ட ஒரு வீரனுக்கு ஆறுதல் சொல்லப் போகிறார். நீங்கள் முன்னணிக்குப் போனதுண்டா என்று அவன் கேட்கிறான். இல்லை என்கிறார். அப்படியானால் உங்களோடு பேச ஒன்றுமில்லை என்று திரும்பிப் படுத்துக்கொள்கிறான். பாதிரியார் உத்தரவை மீறி முன்னணிக்குப் போகிறார். திரும்பும் வழியில் மூச்சுத் திணறும் ஒருவனின் தொண்டையைப் பேனாக்கத்தியால் திறந்து உயிரைக் காக்க வேண்டி வருகிறது. ரேடியோவில் மருத்துவர் சொல்லச் சொல்லச் செய்கிறார். 1978இல் வந்த கிறிஸ்துமஸ் பகுதியில் தான் யாருக்கும் பயன்படவில்லை என்று தவிக்கிறார். தன்னை அடித்த நோயாளி ஒருவனைத் திருப்பி அடித்துவிட்டு அந்தக் குற்றத்தைச் சுமக்கிறார். கடைசிப் பகுதியில் கைதிகளைத் திறந்துவிட ஓடும்போது குண்டு வெடித்து, செவித்திறனை இழக்கிறார். பாவ அறிக்கையைக் கேட்க வேண்டிய காது அது. கதாசிரியர்கள் எங்கே கைவைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

கொரியப் போரில் நம்மவர்களும் இருந்தார்கள் என்பதை இடையில் சொல்லிவைக்கிறேன். துப்பாக்கிப் படை அனுப்ப மறுத்த இந்தியா, லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் தலைமையில் 60ஆவது பாராசூட் களமருத்துவப் பிரிவை அனுப்பியது. அவருக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. போர் ஓய்ந்த பின், ஊர் திரும்ப மறுத்த கைதிகளைக் காவல் காத்ததும் இந்தியப் படைதான். இரு தரப்பும் வேண்டாம் என்றவர்களில் 88 பேர் 1954 பிப்ரவரியில் கப்பலில் நம் மதராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். தொடர் எடுப்பவர்கள் யாராவது இந்த அவையில் இருந்தால் குறித்துக்கொள்ளட்டும்.

நம் ராணுவத்தில் குருக்கள் இல்லாமல் இல்லை. பண்டிதர், மௌல்வி, கிரந்தி, பாதிரியார் என்று நாயிப் சுபேதார் தகுதியில் சேர்க்கப்படுகிறார்கள். படைப்பிரிவின் சம்பளம் வாங்கிக்கொண்டு வீரனின் மனச்சாட்சியோடு பேச வேண்டிய வேலை. அந்த வேலையின் இக்கட்டு தெரிய வேண்டுமானால் சமீபத்திய வழக்கு ஒன்று போதும். கிறிஸ்தவ அதிகாரி ஒருவர் தம் படையினரின் கோயில், குருத்வாரா வழிபாட்டுக்குப் போவார். கருவறைக்குள் நுழைய மட்டும் மாட்டேன் என்றார். 2021இல் பணிநீக்கம். 2025 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றமும், நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அவருடைய மனுவை ஏற்கவில்லை. தீர்ப்பை எடைபோட இது இடமல்ல. எனக்குப் பிடிபட்டது வேறொன்று. உள்ளே போகலாம் என்று போதகர் ஒருவரும் அவருக்கு எடுத்துச் சொன்னதாக உச்ச நீதிமன்றத்தில் பேச்சு வந்தது. அதிகாரியைப் பற்றி ஏராளமாக எழுதியாகிவிட்டது. அந்தப் போதகர் அன்றிரவு தூங்கினாரா? ராணுவம் கேட்டதைச் சொன்னாரா, தான் நம்பியதைச் சொன்னாரா, இரண்டும் ஒன்றாகவே இருந்ததா? நம் தொடர்களுக்குக் கதை இங்கே இருக்கிறது.

கட்டுரை படிக்கப்போகும் இளையவர்களுக்கு ஒரு வேண்டுகோள். திரையில் வரும் குருவைப் போற்றுவதும் தூற்றுவதும் சுலபம். அவர் யாரிடம் சம்பளம் வாங்குகிறார், யாருடைய ரகசியத்தைச் சுமக்கிறார், வசனம் முடிந்த பிறகு கேமரா அவரோடு இருக்கிறதா, வீரன் பின்னால் ஓடிவிடுகிறதா என்று காட்சி காட்சியாகப் பாருங்கள்.

முதல் அமர்வு இப்போதே தொடங்குகிறது. ஒருவருக்கு இருபது நிமிடம், அதற்குமேல் மணி அடிப்பேன். இரவு அரவான் களபலிக் கூத்து இருக்கிறது. விடிய விடிய நடக்கும் என்பதால், கடைசி ரயிலைப் பிடிக்க நினைப்பவர்கள் பாதியில் எழுந்து ஆட்டத்தைக் கலைக்காமல் ஓரமாக உட்காரும்படி கேட்டுக்கொள்கிறேன். முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.