ஒரு 'ப்' விட்டுப்போனதால்
(மாவட்ட அளவிலான கணினி அறிவியல் ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரை)



நான் செய்த ஒரு தவற்றிலிருந்தே தொடங்குகிறேன். எங்கள் வகுப்பின் காலாண்டுத் தேர்வு மதிப்பெண்களுக்காகப் பைத்தானில் சிறிய நிரல் ஒன்று எழுதியிருந்தேன். பைத்தான் 3இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். எனவே 'மாணவர்' என்று ஓர் இனக்குழு; அதில் 'பெயர்', 'மதிப்பெண்' என இரண்டு பண்புகள்.

ஒரு மாணவிக்கு 29 மதிப்பெண். விடைத்தாளை மீண்டும் கூட்டியபோது ஒரு பக்கம் விடுபட்டது தெரிந்தது. சரியான மதிப்பெண் 41. உடனே நிரலில் திருத்தினேன். மறுநாள் அச்சான அறிக்கையில் அதே 29, தேர்ச்சி இல்லை! "திருத்திட்டேன்னு சொன்னீங்களே டீச்சர்" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இரவு முழுக்கத் தேடினேன். 'மதிப்பெண்' என்பதற்குப் பதில் 'மதிபெண்' என்று தட்டியிருக்கிறேன். தமிழாசிரியர் என்றால் சிவப்பு மையில் வட்டமிட்டிருப்பார். பைத்தானோ, 'மதிபெண்' என்று புதிதாக ஒரு பண்பை உருவாக்கி, அதில் 41ஐ வைத்துக்கொண்டது. பிழைச்செய்தி எதுவும் வரவில்லை.

பதினொன்றாம் வகுப்பில் சி++ படித்த பிள்ளைகளுக்கு இது புதிது. அங்கே இனக்குழுவில் அறிவிக்காத உறுப்பைப் பயன்படுத்தினால் தொகுப்பானே நிறுத்திவிடும். பைத்தானில் ஒரு பொருளுக்கு எப்போது வேண்டுமானாலும் புதிய பண்பைச் சேர்க்கலாம். அது வசதிதான்; ஆனால் கட்டம் போடாத வருகைப் பதிவேடு போன்றது. யாரும் எங்கும் எதையும் எழுதலாம்.

கட்டம் போட வழி இருக்கிறது. இனக்குழுவுக்குள் 'ஸ்லாட்ஸ்' என்ற பெயரில், முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடுகளோடு, அனுமதிக்கும் பண்புகளைப் பட்டியலிட வேண்டும். பட்டியலில் இல்லாத பெயருக்கு மதிப்பு கொடுத்தால் உடனே பிழை காட்டும். அந்த ஒரு வரி என் நிரலில் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை கலங்கியிருக்க மாட்டாள்.

அடுத்தது, உள்ளே வரும் மதிப்பைச் சோதிப்பது. 41 என்பதை 410 என்று தட்டினால்? இதற்குத்தான் 'பிராப்பர்ட்டி'. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணப் பண்புதான். மதிப்பு கொடுக்கும்போது மட்டும், நாம் எழுதிய 'செட்டர்' செயற்கூறு வாயிற்காவலர்போல் நின்று, 0 முதல் 100 வரை உள்ளதா என்று பார்த்து உள்ளே விடும்.

இங்கே மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. செட்டருக்குள்ளேயே மீண்டும் 'மதிப்பெண்' என்ற அதே பெயருக்கு மதிப்பு கொடுப்பார்கள். செட்டர் தன்னைத்தானே அழைத்து அழைத்து, கடைசியில் தற்சுழற்சிப் பிழையில் நிற்கும். உள்ளே சேமிக்கும் பெயருக்கு முன்னால் ஓர் அடிக்கோடு போட்டு வேறுபடுத்தச் சொல்லுங்கள். 'ஸ்லாட்ஸ்' பட்டியலிலும் அந்த அடிக்கோட்டுப் பெயரையே எழுத வேண்டும்.

பெயருக்கு முன்னால் இரண்டு அடிக்கோடு இட்டால் அது தனியார் உறுப்பு என்று கற்பிக்கிறோம். அதைப் பூட்டு என்று சொல்லிவிடாதீர்கள், அது திரைச்சீலை. பைத்தான் அந்தப் பெயரின் முன்னே இனக்குழுவின் பெயரைச் சேர்த்து மாற்றி வைக்கிறது, அவ்வளவே. மாற்றிய பெயர் தெரிந்தவர் வெளியிலிருந்தும் அணுகலாம்.

வகுப்பில் நான் இப்போது இலக்கணத்தை முதலில் சொல்வதில்லை. காவல் இல்லாத இனக்குழுவைக் கொடுத்து, "இதைக் கெடுத்துக் காட்டுங்கள்" என்கிறேன். ஒருவர் மதிப்பெண்ணாக 500 தருவார். ஒருவர் கழித்தல் குறி போடுவார். ஒருவர் எழுத்தை மாற்றுவார். அதன்பின் ஒவ்வொரு ஓட்டையையும் அவர்களே அடைக்கிறார்கள். எதற்காக இந்த விதி என்று பிறகு நான் விளக்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். 41ஐ 14 என்று தட்டினால் எந்தச் செட்டரும் தடுக்காது. அதுவும் 100க்குள்தானே இருக்கிறது. அதனால் அறிக்கை அச்சான பிறகு, விடைத்தாள் கட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக இன்றும் சரிபார்க்கிறேன். அந்த வேலை நம்முடையது.