உப்பு பத்தல கண்ணு



எங்கள் அத்தை பிறந்தது பவானி. வாழ்க்கைப்பட்டது சாமராஜநகர். திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வந்து நாற்பது வருடம் ஆகியும், ஆடிப் பதினெட்டு நெருங்கினால் மனசு பவானி கூடுதுறைப் படிக்கட்டுக்கு ஓடிவிடும். வருடா வருடம் போய் வந்துகொண்டும் இருந்தார். அந்த வருடம் முடியவில்லை. வயிற்றில் வந்த புற்று கல்லீரலுக்கும் பரவியிருந்தது. இனி மருந்தேற்றிப் பயனில்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மைசூரில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

படுத்தபடியே ஒருநாள் காலையில் கேட்டார்: "பதினெட்டுக்கு எத்தனை படி அரிசி போடறீங்க?"

வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை. மாமாதான் மெதுவாக, "இந்த வருசம் எங்கியும் போகலையே…" என்று இழுத்தார். அத்தை கூரையைப் பார்த்துக்கொண்டே, "அப்ப நான் போனதுக்கப்புறம் போவீங்களாக்கும்" என்றார். அதற்கு மேல் மாமா பேசவில்லை.

எங்கே போவது? சாமராஜேஸ்வரர் கோயிலுக்கே கூட்டிப்போய் வந்துவிடலாம் என்றது ஒரு கட்சி. மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார், தன் தகப்பனார் பிறந்த ஊர் இது என்பதற்காக 1826இல் கட்டிய கோயில். நம் பக்கம் ஆடி என்றால் புதுப்பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்; இந்த ஊரில் ஆடித் தேருக்கென்றே புதுமணத் தம்பதிகள் ஜோடி ஜோடியாக வந்து நிற்பார்கள். அத்தைக்கு அந்தக் கூட்டத்தை வேடிக்கை பார்க்க ரொம்பப் பிடிக்கும். ஆனால் நோயாளிக்குக் கூட்டம் ஆகாது. கடைசியில், கோயம்புத்தூர் சாலையில் சுவர்ணாவதி அணைப் பக்கம் என்று முடிவானது. ஆறும் உண்டு, நிழலும் உண்டு, எதிரே பிளிகிரிரங்கன மலையும் தெரியும்.

டாக்டரிடம் கேட்கப் பயமாகத்தான் இருந்தது. வேண்டாம் என்பார் என்று நினைத்தோம். அவரோ, "எத்தனை மணிக்குக் கிளம்பறீங்க?" என்று கேட்டார். மார்ஃபின் மாத்திரை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை; ஆறு, பத்து, இரண்டு, ஆறு. பத்து மணி மாத்திரை கொடுத்து அரை மணி கழித்துக் கிளம்புங்கள், வண்டி குலுங்கி வலி கூடினால் கொடுக்க இது என்று ஒரு வேளை மாத்திரையைத் தனியாக எழுதிக்கொடுத்தார். மார்ஃபின் என்றதும் பலருக்கு அடிவயிறு கலங்கும். முடிவுக்குக் கொடுக்கிற மருந்து என்று ஒரு நினைப்பு. அது வலிக்கான மருந்து, அவ்வளவுதான். வலி இல்லாவிட்டால் மனுஷிக்கு அரிசிக் கணக்குப் பார்க்கத் தோன்றுகிறது. நம் நாட்டில் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் வெகுகாலம் இது எளிதில் கிடைக்காமல் இருந்தது. 2014இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். மலச்சிக்கல் மட்டும் பெரும்பாலும் வரும். அதற்கும் சேர்த்து மருந்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

தாளிக்கிற வாசம் பட்டாலே குமட்டுகிறது என்று பல வாரங்களாக அத்தையின் அறைக் கதவைச் சாத்தியே வைத்திருந்தோம். பதினெட்டு அன்று விடியற்காலை அவரே, "கதவைத் தெற" என்றார். பக்கத்தில் ஒரு கிண்ணத்தை வைத்துக்கொண்டு, கண்ணை மூடிப் படுத்திருந்தார். அடுப்பில் புளிக்காய்ச்சல் கொதித்துக்கொண்டிருந்தது.

"உப்பு பத்தல கண்ணு."

"ருசி பார்க்காமயே எப்படிங்க அத்தை சொல்றீங்க?"

"கொதிக்கிற வாசத்துலயே தெரியாதா? அரைக் கரண்டி போடு."

போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு, எள்ளுத் துவையல். எதற்கு எந்தத் தூக்கு என்று வரை அவர்தான் சொன்னார்.

அணைக்குக் கீழே, வாய்க்கால் ஓரமாக ஒரு புளியமரத்தடியில் இறங்கினோம். இப்படிப் போக நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: சோற்றுக்கு முன்னால் கக்கூசைப் பற்றி யோசியுங்கள். நாங்கள் துளை வைத்த நாற்காலியை வண்டி மேலேயே கட்டிக்கொண்டு போனோம். காரின் இரண்டு கதவுகளையும் திறந்து நடுவே சேலையைக் கட்டினால் மறைப்பு. உட்காருகிற நாற்காலியைத்தான் சரியாக யோசிக்கவில்லை. ஈர மண்ணில் பின்கால் இரண்டும் புதைந்து, அத்தை மல்லாக்கச் சாயப்போனார். மாமா பாய்ந்து பிடித்தார். எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அத்தை மட்டும் சிரித்தார். அப்புறம் ஓட்டுச் சில்லுகளைத் தேடி எடுத்துவந்து காலுக்கு அடியில் கொடுத்தோம்.

அத்தை காதோலை கருகமணியை ஓர் இலையில் வைத்துத் தண்ணீரில் விட்டார். "பவானிக்குப் போய்ச் சேரட்டும்" என்றார். சுவர்ணாவதி, கொள்ளேகால் பக்கம் காவிரியில் கலக்கிற ஆறு. காவிரி ஒகேனக்கல், மேட்டூர் வழியாகப் பவானிக்குத்தானே போகிறது? ஆனால் மாமா கணக்குப் பார்க்கிற ஆள். "இது வாய்க்காத் தண்ணி. ஆத்துக்குப் போகாது, மஞ்சக்காட்டுக்குத்தான் போகும்" என்றார்.

அத்தை அவரை ஒரு பார்வை பார்த்தார். "மஞ்சள எங்க கொண்டுபோய் விக்கறீங்க?"

"ஈரோட்டுல."

"ஈரோட்டுல இருந்து பவானி எத்தனை தூரம்?"

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

சோற்றை நாங்களே போட்டுக்கொள்கிறோம் என்றோம். விடவில்லை. கை நடுங்கியது. கரண்டி பிடிக்க முடியாமல் கையாலேயே அள்ளி ஒவ்வோர் இலையிலும் வைத்தார். ஆடிக்காற்றில் இலை தூக்கியது. குழந்தைகள் நுனியை மிதித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். அவர் சாப்பிட்டது தயிர்ச்சோற்றைக் கரைத்து மூன்று ஸ்பூன். அதிலும் ஒன்று வெளியே வந்துவிட்டது. வாயைத் துடைத்துக்கொண்டு, "அவனுக்கு இன்னும் கொஞ்சம் புளிச்சோறு வையி" என்றார்.

நெதர்லாந்தில் நோயாளிகளை இப்படிக் கூட்டிப்போவதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. ஆம்புலன்ஸ் ஓட்டுநராக இருந்த கேஸ் வெல்ட்பூர் என்பவர் 2007இல் தொடங்கியது. மரணத்தை நெருங்கிவிட்டவர்களைப் படுக்கையோடு கடற்கரைக்கும், மியூசியத்துக்கும், பழைய வீட்டுக்கும் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். எல்லாம் தொண்டர்கள். நமக்குப் பக்கத்திலேயே, குண்டல்பேட்டையைத் தாண்டினால் வந்துவிடும் கேரளத்தில், 1993இல் கோழிக்கோட்டில் ஆரம்பித்த வலி தணிப்புச் சேவை இன்று ஊர் ஊராகப் பரவி, அக்கம்பக்கத்து ஆட்களே நோயாளி வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. இரண்டையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனாலும் 'கடைசி ஆசை' என்ற பேச்சு எனக்கு ஒப்பவில்லை. அந்தச் சொல் வந்தவுடன் நோயாளி பார்வையாளர் ஆகிவிடுகிறார். நாம் காட்டுவோம், அவர் பார்ப்பார். எங்கள் அத்தைக்கு எதையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பரிமாற வேண்டியிருந்தது. அன்று சொந்தக்காரப் பையன் ஒருவன் போனை நீட்டி, "அத்தை, சிரிங்க, ஞாபகத்துக்கு ஒண்ணு" என்றான். "ஏன், நான் எங்க போறேன்? இலைய எடு மொதல்ல" என்றார்.

ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்போம். முகம் வாடியதும் கிளம்பிவிட்டோம். முழுநாளும் இருக்கவேண்டும் என்று யாரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம்?

ஊர் எல்லைக்கு வரும்போது, பின்சீட்டில் சாய்ந்து கண் மூடியிருந்தவர், "தயிர்ச்சோத்துத் தூக்கோட மூடி எங்க?" என்றார். தேடினோம். இல்லை. "போனாப் போகுதுங்க அத்தை, வேற வாங்கிக்கலாம்" என்றேன்.

"எங்கம்மா குடுத்த தூக்கு. வண்டியத் திருப்பு."

திருப்பினோம். மூடி புளியமரத்து வேரடியில் கிடந்தது, உள்ளே கட்டெறும்பு மொய்த்து. வாய்க்காலில் அலசிக் கொண்டுவந்து கையில் கொடுத்தேன். அத்தை அதை முந்தானையால் துடைத்து, தூக்கில் வைத்து அழுத்திப் பார்த்தார். மணி இரண்டாகியிருந்தது. மாத்திரையை அங்கேயே, அந்த மரத்தடியில் வைத்துக் கொடுத்தோம்.