சாட்சிக்கு நிற்கும் கடவுள்



மன்னனின் அதிகாரம் கடவுள் தந்தது என்ற கொள்கையை ஒதுக்கிவிட்டு மக்கள் தாமே கூடி அரசை அமைத்துக்கொண்டதாகச் சொல்வதே சமூக ஒப்பந்தம் என்று பாடநூல்கள் கற்பிக்கின்றன. அது பாதி உண்மை. ஒப்பந்தக் கொள்கையின் முன்னோடி தாமஸ் ஹாப்ஸின் ‘லெவயதன்’ (1651) நூலில் ஏறத்தாழ பின்பாதி முழுவதும் விவிலியமும் திருச்சபையும்தான். முகப்புப் படத்தில் அரசன் ஒரு கையில் வாளும் மறு கையில் ஆயரின் கோலும் ஏந்தி நிற்கிறான். அந்தப் பின்பாதியை வகுப்பறைகள் தாண்டிப் போய்விடுகின்றன. மாணவனாக நானும் தாண்டியவன்தான்.

ஒப்பந்தம் என்பது வாக்கு. வாக்குத் தவறினால் கேட்பவர் யார்? வாள் கேட்கும் என்றார் ஹாப்ஸ். ஆங்கிலச் சிந்தனையாளர் ஜான் லாக்குக்கு அது போதவில்லை. பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுகளின் வழிபாட்டு உரிமை பறிபோன 1685இல், ஹாலந்தில் அடைக்கலம் புகுந்திருந்த லாக், சகிப்புத்தன்மை பற்றிய கடிதத்தை எழுதினார். அது 1689இல் அச்சேறியது. ஆன்மாவைக் கரைசேர்ப்பது அரசின் வேலையன்று என்றார். யூதர், இசுலாமியர் என்பதற்காக ஒருவரின் குடியுரிமையைப் பறிக்கக் கூடாது என்றும் சொன்னார். ஆனால் நாத்திகரை வாசலிலேயே நிறுத்திவிட்டார். கடவுளுக்கு அஞ்சாதவனை எந்தச் சத்தியம் கட்டும் என்பது அவர் வாதம். இதைக் காலத்தின் குறை என்று மன்னித்துவிடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவருடைய ஒப்பந்தத்தின் கடைக்கால் அங்கேதான் இருக்கிறது.

ரூசோ அதே கவலையைச் சட்டமாகவே ஆக்கினார். 1762இல் வெளிவந்த ‘சமூக ஒப்பந்தம்’ நூலின் இறுதிப் பகுதியில் குடிமைச் சமயம் ஒன்றை வகுத்து, அதை நம்பாதவரை நாடுகடத்தலாம் என்றார். அந்த நூலை அவர் பிறந்த ஜெனீவாவிலேயே எரித்தார்கள்.

இது ஏட்டோடு நிற்கவில்லை. 1880இல் இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன் தொகுதியில் வென்ற நாத்திகர் சார்லஸ் பிராட்லா, கடவுள் பெயரால் சத்தியம் செய்வதற்குப் பதில் உறுதிமொழி கூற அனுமதி கேட்டார். நாடாளுமன்றம் மறுத்தது. இருக்கை காலியாகி நடந்த இடைத்தேர்தல்களில் மக்கள் அவரையே மீண்டும் மீண்டும் அனுப்பினார்கள். 1886இல்தான் அவரால் இருக்கையில் நிலையாக அமர முடிந்தது. கடவுளைச் சாட்சிக்கு அழைக்காமலும் உறுதி கூறலாம் என்ற சட்டம், அவர் முயற்சியாலேயே 1888இல் வந்தது. லாக்குக்குப் பதில் சொல்ல அவருடைய நாட்டுக்கு இரண்டு நூற்றாண்டுகள் பிடித்தன.

நம் ஒப்பந்தத்துக்கு வருவோம். 1949 அக்டோபர் 17 அன்று, இந்திய அரசமைப்பின் முகவுரையைக் கடவுள் பெயரால் தொடங்க வேண்டும் என்று அரசியல் நிர்ணய சபை உறுப்பினர் எச்.வி. காமத் அச்சபையில் திருத்தம் கொண்டுவந்தார். ஆதரவு 41, எதிர்ப்பு 68, திருத்தம் தோற்றது. முகவுரையில் நுழையாத கடவுள், பதவிப் பிரமாணங்களைக் கொண்ட மூன்றாம் அட்டவணையில் இருக்கிறார். கடவுளை முன்னிறுத்தி ஆணையிடலாம், உளமார உறுதியும் கூறலாம். இரண்டுக்கும் அங்கே ஒரே மதிப்பு.