ஏற்றத்தில் செயின் தாவுதா? முதலில் எண்ணுங்க, அப்புறம் திருகுங்க

இன்னைக்கு ஒரே ஒரு பிரச்சினையைப் பத்தி மட்டும் பேசப் போறோம். மவுண்டன் பைக்கில் ஏற்றம் ஏறும்போது, நல்லா அழுத்தி மிதிக்கிற நேரம் பார்த்து, 'டக்'குனு செயின் ஒரு பல் தாவும். கால் சட்டுனு கீழே போகும். சமதரையில் இது வெறும் எரிச்சல். மலைப்பாதையில் இது ஆபத்து.

என் அனுபவத்திலிருந்தே தொடங்குறேன். கொல்லிமலைக்குக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறினால் மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். அதில் ஒரு வளைவைத் தாண்டி, சீட்டை விட்டு எழுந்து நின்னு மிதிச்சேன். செயின் தாவிச்சு. முழங்கால் நேரா ஹேண்டில்பாரில் போய் இடிச்சுது, வண்டி ரோட்டின் நடுப்பக்கம் சாய்ஞ்சுது. பின்னாடி வந்த பேருந்து கொஞ்சம் தள்ளி வந்ததால் தப்பிச்சேன். இத்தனைக்கும் அதற்கு ஒரு வாரம் முன்னாடிதான் புது செயின் போட்டிருந்தேன். போட்ட நாளிலிருந்தே லேசாத் தாவிக்கிட்டுதான் இருந்தது. நானும் 'கேபிள்தான் லூஸ்' என்று தினமும் அதையே திருகிக்கிட்டு இருந்தேன். உண்மையான காரணம் வேற. அது கடைசியில் வரும்.

செயின் தாவுறதுக்குக் காரணம் ஐந்தாறு இருக்கு. எல்லாத்துக்கும் சத்தம் ஒண்ணுதான். அதனால ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன்னாடி மூணு கேள்வி கேட்டுக்கோங்க. எந்தக் கியரில் தாவுது? எத்தனை மிதிக்கு ஒரு தரம் தாவுது? எப்போதிருந்து தாவுது?

இரண்டாவது கேள்வியைத்தான் யாரும் கேட்கிறதில்லை. ஒரு கணக்கு சொல்றேன். உங்க செயினில் 116 லிங்க் இருக்கு, முன் பல்சக்கரத்தில் 32 பல் இருக்கு என்று வைச்சுக்குவோம். பெடல் ஒரு சுற்று சுற்றினால் 32 லிங்க் நகரும். அப்போ முழுச் செயினும் ஒருமுறை சுற்றி வர, பெடல் மூன்றரைச் சுற்றுக்குக் கொஞ்சம் மேலே சுற்றணும். 'டக்' சத்தம் அந்த இடைவெளியில் ஒழுங்கா வந்தால், கோளாறு செயினில் ஏதோ ஒரு லிங்க்கில்தான். பெடலின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே இடத்தில் வந்தால் முன் பல்சக்கரத்தைப் பாருங்க, ஏதாவது பல் வளைஞ்சிருக்கலாம். ஒழுங்கே இல்லாமல், அழுத்தும்போது மட்டும் வந்தால் தேய்மானமோ கியர் அட்ஜஸ்ட்மெண்டோதான் காரணமா இருக்கும்.

இப்போ செலவில்லாத சோதனையிலிருந்து வருவோம்.

முதலில் இறுகிப்போன லிங்க். பெடலை மெதுவா பின்பக்கமாச் சுற்றுங்க. செயின் பின் டிரெய்லரின் இரண்டு குட்டிச் சக்கரங்கள் வழியா போறதைக் கவனிங்க. ஒரு லிங்க் வரும்போது மட்டும் டிரெய்லர் துள்ளினால், அதுதான் ஆள். இரண்டு கட்டைவிரலால் பக்கவாட்டில் லேசா அசைச்சு, ஒரு சொட்டு எண்ணெய் விட்டாலே பெரும்பாலும் சரியாகும். மழையில் ஓட்டிட்டுத் துடைக்காம நிறுத்தின வண்டியில் இது சகஜம்.

இரண்டாவது கேபிள். ஒன்றிரண்டு கியரில் மட்டும் தடுமாறினால், மிதிக்காம ஸ்டாண்டில் சுற்றும்போதே கரகரன்னு சத்தம் வந்தால், இதைச் சந்தேகப்படலாம். ஷிஃப்டரிலிருந்து கேபிள் வெளியே வர்ற இடத்தில் கையால் திருகுற ஒரு குமிழ் இருக்கும். அது வெளியே வர்ற பக்கமாத் திருகினால் கேபிள் இறுகும். பெரிய பல்சக்கரத்துக்கு ஏற மறுத்தால் இறுக்குங்க. சின்னதுக்கு இறங்க மறுத்தால் தளர்த்துங்க. ஒரு தடவைக்குக் கால் சுற்று போதும். நாலைந்து தடவை திருகியும் சரியாகலைன்னா நிறுத்திடுங்க. பிரச்சினை அங்கே இல்லை. நான் நிறுத்தல, அதுதான் நான் செய்த தப்பு.

மூன்றாவது ஹேங்கர். டிரெய்லரை ஃபிரேமோடு இணைக்கிற சின்ன அலுமினியத் துண்டு அது. வண்டி வலப்பக்கமா விழுந்தால் ஃபிரேம் உடையாம, இது வளைஞ்சு கொடுக்கணும் என்றே மென்மையாச் செய்திருப்பாங்க. வண்டிக்குப் பின்னாடி குனிஞ்சு பாருங்க. பல்சக்கரமும் குட்டிச் சக்கரங்கள் இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கணும். டிரெய்லர் உள்பக்கமாச் சாய்ஞ்சிருந்தால் எவ்வளவு திருகினாலும் கியர் ஒழுங்கா உட்காராது. பெரிய கியர் போடும்போது டிரெய்லர் ஸ்போக்கில் மாட்டிக்கிற அபாயமும் உண்டு. கையால் நிமிர்த்தப் பார்க்காதீங்க. நிமிர்த்துறதுக்கு அளவுகருவி வைச்சிருக்கிற கடைக்குக் கொண்டுபோங்க, இல்லைன்னா உங்க ஃபிரேமுக்கே உரிய புது ஹேங்கரை மாத்துங்க.

நான்காவது தேய்மானம். 'செயின் நீண்டுபோச்சு' என்று சொல்வோம். உண்மையில் இரும்பு நீளுறதில்லை. ஒவ்வொரு பின்னும் அதன் ஓட்டையும் தேய்ஞ்சு, நூற்றுக்கும் மேற்பட்ட சின்னச் சின்ன இடைவெளிகள் சேர்ந்து மொத்த நீளம் கூடுது. இதை அளக்க ஒரு ஸ்கேல் போதும். சைக்கிள் செயினில் பின்னுக்குப் பின் அரை அங்குலம். ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வையுங்க. அதிலிருந்து 24-ஆவது பின்னின் நடு, புது செயினில் சரியா 12 அங்குலத்தில் நிற்கும். அது 1.5 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால் ஏறக்குறைய அரை சதவீதத் தேய்மானம். பின்னாடி 11 அல்லது 12 பல்சக்கரம் இருக்கிற வண்டிக்கு அப்போதே செயினை மாத்திடணும். பத்துக்கும் அதற்குக் கீழேயும் இருந்தால் முக்கால் சதவீதம் வரை போகலாம். 3 மில்லிமீட்டர் தள்ளிப்போச்சுன்னா பின்னாடி இருக்கிற கேசட்டும் கூடவே தேய்ஞ்சிருக்கும்.

இங்கேதான் என் கதை முடியுது. தேய்ஞ்ச செயினும் தேய்ஞ்ச கேசட்டும் சேர்ந்தே தேய்ஞ்சதால் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போய் ஓடும். செயினை மட்டும் புதுசா மாத்தினால், சரியான அரை அங்குல ரோலர், அகன்றுபோன பல் இடுக்கில் உட்காராம மேலேறித் தாவும். அதுவும் நீங்க அதிகமா ஓட்டுற இரண்டு மூணு பல்சக்கரத்தில் மட்டும். மற்ற கியரெல்லாம் நல்லாவே இருக்கும். கேசட் பல்லைக் கண்ணால் பார்த்து முடிவு பண்ணாதீங்க. கியர் மாறுறதுக்காகப் புது கேசட்டிலேயே சில பற்களைக் குட்டையாவும் சரிவாவும் வெட்டியிருப்பாங்க. புது செயின் போட்ட அன்றே தாவ ஆரம்பிச்சதா? அதுவே போதுமான சாட்சி. நான் கேசட்டை மாத்தினேன், தாவுறது அன்றோடு நின்னுது.

கடைசியா ஒன்று. எல்லா கியரிலும் கால் நழுவுது, ஆனா செயின் பல்லிலேயே அசையாம நிற்குது என்றால், கோளாறு ஹப்புக்குள்ளே. உள்ளே இருக்கிற கொக்கிகள் பிடிக்கல. பழைய கிரீஸ் இறுகியிருக்கலாம், கொக்கியோ ஸ்பிரிங்கோ தேய்ஞ்சிருக்கலாம். அதைப் பிரிச்சுப் பார்க்காம மலைக்குப் போகாதீங்க.

சரி பண்ணின பிறகு, ஆள் நடமாட்டம் இல்லாத சின்ன ஏற்றத்தில், சீட்டில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு கியரிலும் அழுத்தி மிதிச்சுப் பாருங்க. எழுந்து நின்னு மிதிக்கிறது அதுக்கப்புறம்தான். மாசம் ஒரு தரம் ஸ்கேலை எடுத்து அளந்துடுங்க, இரண்டு நிமிஷ வேலை. செயினை நேரத்துக்கு மாத்தினால் கேசட் பிழைக்கும், முழங்காலும் பிழைக்கும்.

பத்திரமா ஓட்டுங்க.