விண்டோஸிலிருந்து மேக்கிற்கு: எங்கள் அலுவலகத்தில் ஒரு மாற்றம்

(ஆதரவாளர் கூடுகையில் நன்கொடைப் பிரிவின் சார்பில் ஆற்றிய உரை)



 வழக்கமாக இந்தக் கூடுகையில் வார்டுகளைப் பற்றியும் வைத்தியப் பணியைப் பற்றியும் கேட்பீர்கள். இந்த முறை, நீங்கள் அனுப்பும் காணிக்கை வந்து சேரும் சிறிய அலுவலக அறையைப் பற்றிப் பேசும்படி எங்களைக் கேட்டுக்கொண்டார்கள். அந்த அறையில் சமீபத்தில் ஒரு மாற்றம் நடந்தது. பல வருஷங்களாக விண்டோஸ் கம்ப்யூட்டரில் செய்துவந்த வேலையில் பெரும்பகுதியை மேக் கம்ப்யூட்டருக்கு மாற்றினோம். சபை அலுவலகங்களில் பணிபுரியும் சிலர், "நாங்களும் மாறலாமா? பழைய கணக்கெல்லாம் என்னவாகும்?" என்று கேட்டிருந்தீர்கள். வேறு சிலர், "நாங்கள் நோயாளிகளுக்காகக் கொடுத்த பணத்தில் கம்ப்யூட்டர் எதற்கு?" என்றும் கேட்டீர்கள். இரண்டும் நியாயமான கேள்விகள். இரண்டுக்கும் பதில் சொல்ல விரும்புகிறோம்.

முதலில், ஏன் மாறவேண்டி வந்தது என்பதைச் சொல்லுகிறோம். எங்களிடம் இருந்த பெட்டிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 10 கொண்டு ஓடியவை. அது 2015 ஜூலையில் வெளிவந்தது. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. அதற்காக அந்தப் பெட்டிகள் மறுநாளே நின்றுவிடவில்லை. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் வழக்கம்போல வருவது நின்றுவிட்டது. உங்கள் பெயரும் விலாசமும் வங்கி விவரமும் உள்ள ஒரு பெட்டியை அப்படித் திறந்து வைப்பது சரியல்ல. விண்டோஸ் 11க்கு உயர்த்தலாமே என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் பெட்டியானால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலி வேண்டும். எங்கள் பழைய பெட்டிகளுக்கு அந்தத் தகுதி இல்லை. ஆகவே எப்படியும் புதிது வாங்கத்தான் வேண்டியிருந்தது.

அப்படியானால் ஏன் மேக்? விலை குறைவு என்பதற்காக அல்ல. எம்4 சில்லு கொண்ட மேக் மினி 2024இல் நம் நாட்டுக்கு வந்தபோது அதன் ஆரம்ப விலை 59,900 ரூபாய். அதைவிடக் குறைந்த விலையில் விண்டோஸ் 11 பெட்டிகள் கிடைக்கின்றன என்பதை உங்களிடம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மேக் மினி என்பது பெட்டி மாத்திரமே. எங்களிடம் ஏற்கெனவே இருந்த திரைகளையும் விசைப்பலகைகளையும் மௌஸையும் அதோடு இணைத்துக்கொண்டோம். இந்தச் செய்தி மடலின் பக்கங்களை அமைக்கும் ஊழியர் முன்னமே மேக்கில் பழகியவர். தமிழ் எழுதும் வசதி அதற்குள்ளேயே இருக்கிறது. இந்தக் காரணங்கள் எங்கள் அலுவலகத்துக்குப் பொருந்தின. உங்கள் சபை அலுவலகத்துக்குப் பொருந்தாமலும் இருக்கலாம்.

"மேக்கில் எக்செல் உண்டா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். ஐயா, எக்செல் முதன்முதலில் 1985இல் வெளிவந்ததே மேக்கிண்டாஷில்தான். விண்டோஸுக்கு அது 1987இல்தான் வந்தது. வேர்டும் எக்செலும் மேக்கில் நன்றாகவே ஓடுகின்றன. எக்செலில் தானாக வேலை செய்யும்படி யாராவது மேக்ரோ எழுதி வைத்திருந்தால், அதை மாத்திரம் முன்கூட்டியே சோதித்துப் பார்க்கவேண்டும். சில மேக்ரோக்கள் மேக்கில் ஓடுவதில்லை.

ஓடாத வேறு சிலவும் உண்டு. டாலி கணக்கு மென்பொருள் விண்டோஸுக்காகவே செய்யப்பட்டது. மைக்ரோசாப்ட் ஆக்சஸும் மேக்கில் இல்லை. ஆதலால் விண்டோஸ் 11க்குத் தகுதியாயிருந்த ஒரு பெட்டியைக் கணக்கருக்கென்று அப்படியே வைத்துக்கொண்டோம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு அலுவலகத்தில் இரண்டும் அருகருகே இருந்து வேலை செய்யலாம். ஒன்று கவனியுங்கள். விண்டோஸில் பயன்படுத்திய வெளி டிஸ்க்குகள் பெரும்பாலும் என்.டி.எஃப்.எஸ். முறையில் இருக்கும். மேக் அவற்றை வாசிக்கும், ஆனால் சாதாரணமாக அவற்றில் எழுதாது. இரண்டுக்கும் பொதுவாக வைக்கும் டிஸ்க்கை எக்ஸ்ஃபேட் முறையில் தயார்செய்துகொள்ளுங்கள். அப்படித் தயார்செய்யும்போது அதில் உள்ளதெல்லாம் அழிந்துபோகும். ஆகவே முதலில் வேறிடத்தில் நகல் எடுத்து வையுங்கள்.

கைப்பழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நகல் எடுக்கவும் ஒட்டவும் கன்ட்ரோல் விசையை அழுத்திப் பழகிய விரல், மேக்கில் கமாண்ட் விசைக்குப் போகவேண்டும். விண்டோஸ் விசைப்பலகையை மேக்கில் இணைத்தால், விண்டோஸ் அடையாளம் போட்ட விசையே கமாண்ட் ஆகிவிடும். மேலே உள்ள சிவப்புப் புள்ளியை அழுத்தினால் ஜன்னல் மூடும். ஆனால் பெரும்பாலான மென்பொருள்கள் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு கோப்பின் மேல் ரிட்டர்ன் விசையைத் தட்டினால் கோப்பு திறக்காது, அதன் பெயரை மாற்றும்படி கேட்கும். முதல் வாரத்தில் எங்கள் அறையில் பெருமூச்சுச் சத்தம் அதிகம் கேட்டது. அடுத்தடுத்த வாரங்களில் அது குறைந்தது. தமிழ்99 முறையில் தட்டச்சு பழகியவர்களுக்கு இன்னும் எளிது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற அந்த விசைமுறை விண்டோஸிலும் உண்டு, மேக்கிலும் உண்டு. பெட்டி மாறினாலும் விரல் மாறவேண்டியதில்லை.

இப்போது எங்களுக்கு மெய்யாகவே பாரமாக இருந்த காரியத்துக்கு வருகிறோம். அது பெட்டி அல்ல, பதிவேடு.

1990களிலிருந்து வந்த நன்கொடையாளர் பதிவேடு எங்கள் கையில் இருக்கிறது. பெயர், ஊர், தொகை, அதன் அருகே குறிப்பு என்று ஒரு பத்தி. அந்தக் குறிப்பில், "மறைந்த மகன் நினைவாக, குழந்தைகள் வார்டுக்கு" என்று இருக்கும். "சுகம் பெற்றதற்கு நன்றியாக, ஏழை ஒருவரின் மருந்துக்கு" என்று இருக்கும். நீங்கள் எதற்காகக் கொடுத்தீர்களோ அதற்காகவே அதைச் செலவிட வேண்டிய கடமை எங்களுக்கு உண்டு. அந்தக் குறிப்பு வாசிக்க முடியாமல் போனால், பணம் இருந்தும் கொடுத்தவருடைய எண்ணம் தொலைந்துபோகும். பெயர் கெட்டுப்போனால் ரசீது தவறாகப் போகும். மாதந்தோறும் தன் சிறு வருமானத்திலிருந்து அனுப்பும் ஒரு தாயார், தம் பெயர் இல்லாத ரசீதைக் கண்டு, "நம்முடைய பணம் போய்ச் சேரவில்லையோ" என்று கலங்கமாட்டார்களா?

இந்த ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று விளக்குகிறோம். யூனிகோட் என்னும் உலகப் பொது எழுத்துமுறையில் 1991இலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அது சாதாரண அலுவலகங்களில் புழக்கத்துக்கு வர வெகுகாலம் ஆயிற்று. அதுவரை தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்காரவைத்தன. உதாரணமாக, பாமினி எழுத்துருவில் ஆங்கில 'எம்' இருக்கும் இடத்தில் 'அ' இருக்கும், 'கே' இருக்கும் இடத்தில் 'ம' இருக்கும். திரையில் நாம் தமிழைப் பார்க்கிறோம். கம்ப்யூட்டரோ ஆங்கில எழுத்துக்களையே சேமித்து வைத்திருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத பெட்டியில் திறந்தால் 'அம்மா' என்பதே பொருளற்ற ஆங்கிலக் குவியலாகத் தெரியும். அன்று அதைத் தட்டச்சு செய்தவர்கள் மேல் குறை இல்லை. அன்றைக்கு இருந்த வழி அதுதான்.

மேக்கிலும் அந்தப் பழைய எழுத்துருவை நிறுவிக்கொண்டு காலம் தள்ளியிருக்கலாம். ஆனால் தேடினால் பெயர் கிடைக்காது, அகர வரிசையில் அடுக்க முடியாது, கைப்பேசியில் அனுப்பினால் வாசிக்க முடியாது. பெட்டியை மாற்றும் நேரமே பதிவேட்டையும் யூனிகோடுக்கு மாற்றும் நேரம் என்று தீர்மானித்தோம்.

மாற்றித் தரும் மென்பொருள்கள் உண்டு. சில நிமிஷங்களில் முழுப் பட்டியலையும் மாற்றிக் கொடுத்துவிடும். ஆனால் அதை அப்படியே நம்பக்கூடாது. அந்நாட்களில் 'ர்' என்று எழுத, பலர் துணைக்காலைத் தட்டி அதன் மேல் புள்ளி வைத்தார்கள். காகிதத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மாற்றும் மென்பொருளோ தட்டியதைத் தட்டியபடியே மாற்றும். அதனால் எஸ்தர், மார்ட்டின், ஜார்ஜ் போன்ற பெயர்கள் பார்வைக்கு ஏறத்தாழ சரியாக இருந்தாலும், தேடும்போது அகப்படுவதில்லை. 'எ' என்ற எழுத்துக்குப் பதிலாகத் தமிழ் எண் ஏழைப் போட்டிருப்பதும், 'ஔ' என்பதை 'ஒ'வும் 'ள'வுமாக எழுதியிருப்பதும் உண்டு.

ஆகவே அச்சிட்ட பழைய பதிவேட்டை மேசையில் வைத்துக்கொண்டோம். ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர் திரையில் ஒவ்வொரு பெயரையும் சரிபார்த்தார். மதிய உணவுக்குப் பிறகு தினமும் சில பக்கங்கள். மெதுவான வேலைதான். ஆனால் அந்த நாட்களில் உங்கள் பெயர்களையும், உங்கள் பெற்றோருடைய பெயர்களையும் நாங்கள் வாய்விட்டு வாசித்தோம். எங்களில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், இந்த ஆஸ்பத்திரி யார் யாருடைய உதவியால் நிற்கிறது என்பதை அப்போதுதான் அறிந்துகொண்டார்கள்.

மாற்றிய பட்டியலை எக்செலில் மாத்திரம் வைக்காமல், 'சி.எஸ்.வி. யூ.டி.எஃப்.-8' என்ற எளிய வடிவத்திலும் சேமித்திருக்கிறோம். வெறும் சி.எஸ்.வி. என்று சேமித்தால் தமிழ் எழுத்துக்கள் கேள்விக்குறிகளாக மாறிவிடக்கூடும், ஜாக்கிரதை. இந்த வடிவத்தை விண்டோஸும் திறக்கும், மேக்கும் திறக்கும், இனி வரப்போகும் வேறு பெட்டிகளும் திறக்கும். பத்து வருஷம் கழித்து எங்களுக்குப் பின் வருகிறவர்கள் மறுபடியும் விண்டோஸுக்கே போகத் தீர்மானித்தாலும் இதே பாடு படவேண்டியதில்லை.

காப்பு நகலுக்கு மேக்கிலேயே டைம் மெஷின் என்ற வசதி இருக்கிறது. ஒரு வெளி டிஸ்க்கை இணைத்துவிட்டால், கடந்த 24 மணி நேரத்துக்கு மணிக்கொரு நகலும், கடந்த மாதத்துக்கு நாளொரு நகலும், அதற்கு முந்தியதற்கு வாரமொரு நகலுமாக, டிஸ்க்கில் இடம் உள்ளவரை தானே வைத்துக்கொள்ளும். இது போதும் என்று இருந்துவிடாமல், இன்னொரு டிஸ்க்கை வேறு கட்டடத்தில் பூட்டி வைக்கிறோம். ஃபைல்வால்ட் என்ற பூட்டையும் போட்டிருக்கிறோம். பெட்டி களவு போனாலும் கடவுச்சொல் இல்லாமல் உங்கள் விவரங்களை வாசிக்க முடியாது. மேக்குக்கு வைரஸ் வராது என்று சிலர் சொல்லுவார்கள். அது சரியல்ல. அறியாத மின்னஞ்சலைத் திறக்கக்கூடாது என்ற விதி இங்கேயும் அப்படியே உண்டு.

மாற நினைக்கும் சபை அலுவலகங்களுக்கு எங்கள் ஆலோசனை இதுதான். முதலில் நீங்கள் தினமும் செய்யும் வேலைகளைத் தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றும் மேக்கில் நடக்குமா என்று கேட்டறியுங்கள். ஞானஸ்நான, விவாகப் பதிவேடுகள் பழைய எழுத்துருவில் இருந்தால், நீங்கள் மேக் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அவற்றை இப்போதே யூனிகோடுக்கு மாற்றுங்கள். புதிய பெட்டி வந்தபின்பும் பழையதைச் சில மாதங்கள் வைத்திருங்கள். அதன்பின் டிஸ்க்கை முழுவதும் அழித்துவிட்டு அப்புறப்படுத்துங்கள்.

பழைய மேக்கை எங்களுக்குத் தர விரும்பும் அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 2020 நவம்பரிலிருந்து ஆப்பிள் தன் சொந்தச் சில்லுகளோடு மேக்குகளை விற்கத் தொடங்கியது. இன்டெல் சில்லு உள்ள மேக்குகளுக்கு 2025இல் வெளியான டஹோ பதிப்பே கடைசி என்று அறிவித்திருக்கிறது. ஆகவே இன்டெல் மேக்குகள் எங்களுக்கு வெகுகாலம் உதவா. புதியதானால், கொடுக்கும் முன் உங்கள் ஆப்பிள் கணக்கிலிருந்து தயவுசெய்து வெளியேறிவிடுங்கள். இல்லாவிட்டால் அது பூட்டிய பெட்டியாகவே வந்து சேரும். அன்போடு கொடுத்தும் பயன்படாமல் போகும். வாங்கிக் கொடுக்க விரும்பினால் முதலில் எங்களோடு பேசுங்கள். மேக் மினியில் நினைவகத்தை வாங்கிய பின்பு கூட்ட முடியாது. தேவையான அளவைத் தொடக்கத்திலேயே தெரிந்து வாங்கவேண்டும்.

நோயாளிகளுக்கான பணத்தில் கம்ப்யூட்டர் எதற்கு என்ற கேள்விக்கு இப்போது நேராகப் பதில் சொல்லுகிறோம். நீங்கள் வார்டுக்கென்று குறித்துக் கொடுத்ததிலிருந்து ஒரு ரூபாயும் இதற்கு எடுக்கப்படவில்லை. நிர்வாகச் செலவுக்கென்று ஒதுக்கியதிலிருந்தே வாங்கினோம். இன்ன காரியத்துக்கென்று கொடுத்தது இன்ன காரியத்துக்கே போயிற்று என்று நாங்கள் சொல்லக்கூடியதாயிருப்பதும், அந்தப் பதிவேடு வாசிக்கத்தக்கதாய் இருப்பதனால்தான். அதைக் காப்பதும் எங்களிடம் ஒப்புவிக்கப்பட்ட உக்கிராணத்துவத்தில் ஒரு பங்கு என்று எண்ணுகிறோம்.

இந்த மாதம் உங்களுக்கு வரும் ரசீதைத் தயவாய்ப் பாருங்கள். உங்கள் பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும், குறிப்பு விடுபட்டிருந்தாலும், ஒரு தபால் அட்டையில் எழுதிப் போடுங்கள், அல்லது தொலைபேசியில் சொல்லுங்கள். உடனே திருத்துகிறோம்.